நோய் வருவதற்கு முன்பே எடுத்து வைக்கும் ரத்தம்

"எங்கப்பாவுக்கும் சர்க்கரை இருந்துச்சுங்க டாக்டர், அதான் எனக்கும் வந்துருச்சு." பெருந்துறைப் பக்கம் என்னிடம் வருகிறவர்கள் பலரும் சொல்வது இது. பாதி உண்மைதான். அப்பாவிடமிருந்து மரபணு மட்டுமா வந்தது? அதே சாப்பாடு, அதே கிணற்றுத் தண்ணீர், அதே தறிக்குடோன். எதற்கு எவ்வளவு பங்கு என்று ஒரே ஒரு நோயாளியை வைத்துப் பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

நோய் வந்தபின் விசாரித்தால் இன்னும் சிக்கல். இருபது வருடத்துக்கு முன் சாயப்பட்டறையில் எதையெல்லாம் கையாண்டோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? நோயும் மருந்தும் ரத்தத்தையே மாற்றிவிடுகின்றன. காரணம் எது, விளைவு எது என்று குழம்பிப்போகும்.

பயோபேங்க் என்ற உடல்மாதிரிச் சேமிப்பகம் தேவைப்படுவது இதனால்தான். ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம், சிறுநீர், உணவு, வேலை, தூக்கம் பற்றிய விவரங்களை முன்கூட்டியே வாங்கி, மாதிரிகளை உறைய வைத்து, பல ஆண்டுகள் அவர்களைக் கவனித்து வருகிறார்கள். யாருக்கு என்ன நோய் வந்தது என்று தெரிந்ததும் பழைய ரத்தத்தை எடுத்துப் பார்க்கலாம். பிரிட்டனின் யூகே பயோபேங்க் 2006 முதல் 2010 வரை, 40 முதல் 69 வயதுக்குட்பட்ட சுமார் 5 லட்சம் பேரைச் சேர்த்தது. பெரும்பாலான மரபணு மாற்றங்களின் பங்கு தனித்தனியே துளிதான், அதனால் இத்தனை பேர் வேண்டும்.

ஆனால் அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர். இதயத்தசை நோயோடு தொடர்புடைய ஒரு மரபணு மாற்றம் தெற்காசியர்களில் நூற்றுக்கு நாலு பேரிடம் இருப்பது 2009-ல் வெளியானது. நம் ஆட்களிடம் தேடியதால் கிடைத்தது அது.

ஜீனோம் இந்தியா திட்டம் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவுகளை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல தொடக்கம். என்றாலும் மரபணு மட்டும் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றங்கரையின் கதையைச் சொல்லாது. ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, எல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் கரையோரம் வளர்ந்த பிள்ளைகள் இன்று நடுவயதில் இருக்கிறார்கள். அன்றே அவர்கள் ரத்தத்தைச் சேமித்துத் தொடர்ந்து கவனித்திருந்தால், 'எனக்கு ஏன் இந்த நோய்' என்று இன்று அவர்கள் கேட்கும் கேள்விக்கு ஊகத்தில் பதில் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன்.

சரி, நாளைக்கு உங்கள் ஊரிலேயே ஒரு ஆய்வுக்குழு ரத்தம் கேட்டு வந்தால்? தயவுசெய்து கொடுங்கள், ஆனால் கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். மாதிரி எங்கே இருக்கும், யார் பயன்படுத்துவார்கள், பெயர் மறைக்கப்படுமா, ஏதாவது கோளாறு தெரிந்தால் உங்களிடம் சொல்வார்களா என்று கேளுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் பிறகு விலகிக்கொள்ளலாம், அதனால் உங்கள் சிகிச்சை எதுவும் குறையக் கூடாது. வீட்டில் கலந்து பேசி நாலு நாள் கழித்துக் கையெழுத்துப் போட்டாலும் போதும்.