அலைக்கு வழிவிடும் படகு

கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் லா ஹோயா என்றொரு கடலோரப் பகுதி உண்டு. கிழக்கு வெளுப்பதற்கு முன்பே அங்கே மணலில் கயாக் எனும் சிறு துடுப்புப் படகுகள் வந்து இறங்கிவிடும். நான்கு மீட்டர் நீளம், முக்கால் மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான அகலம். ஓர் ஆள், ஒரு துடுப்பு, இரண்டு மூன்று தூண்டில்கள். பெரும்பாலும் எஞ்சின் கிடையாது. இதை வைத்துக்கொண்டு பசிபிக் பெருங்கடலுக்குள் போய், பத்துக் கிலோ மீனோடு நண்பகலில் கரையேறுகிறார்கள்.

முதல் சோதனை கரையிலேயே காத்திருக்கிறது. அலை உடையும் இடத்தைக் கடக்க வேண்டும். வடக்கே சில கிலோமீட்டர் தள்ளியுள்ள பிளாக்ஸ் கடற்கரையில் ஆளை மிஞ்சும் அலைகள் எழும் நாளிலும், இவர்கள் இறங்கும் லா ஹோயா ஷோர்ஸ் கடற்கரையின் தென்பகுதியில் கடல் சாதுவாக இருக்கும். இரண்டு இடங்களுக்கும் வருவது ஒரே அலைதான். வித்தியாசம் கடலடியில் இருக்கிறது.

இந்தக் கரையை ஒட்டியே ஆழமான கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஆழம் குறைந்த நீரில் அலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கும். பத்து மீட்டர் ஆழத்தில் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் ஓடும் அலை, இரண்டரை மீட்டர் ஆழத்தில் 5 மீட்டர்தான் ஓடும். தேரின் ஒரு பக்கத்து வடத்தை மட்டும் வேகமாக இழுத்தால் தேர் மறுபக்கம் திரும்பிவிடும் அல்லவா? அலைக்கும் அதுவே நேர்கிறது. பள்ளத்தாக்கின் மேல் வரும் பகுதி முந்துகிறது, இரு ஓரங்களும் பின்தங்குகின்றன, அலைமுகடு வில்லாக வளைகிறது. முகடு எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே அலை நகரும் என்பதால், அதன் ஆற்றல் பள்ளத்தாக்கின் தலைப்பகுதியிலிருந்து விலகிப் பக்கவாட்டில் பரவுகிறது. அங்கே அலை தணிகிறது. விலகிய ஆற்றல் வேறோர் இடத்தில் குவிந்து பேரலையாகிறது.

இதைக் கணக்கிட்டுக் காட்டியவர்கள் வால்டர் முங்க்கும் மெல்வின் டிரேலரும். 1947இல் வெளியான அவர்களுடைய ஆய்வு, இதே கரையில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் உருவானது. இரண்டாம் உலகப் போரில், 1944இல் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கப் பயன்பட்ட அலைக் கணிப்பு முறையை வகுத்தவர்களில் ஒருவரும் இதே முங்க்தான்.

அலை சிறியதானாலும் படகுக்குள் நீர் அடிக்கத்தான் செய்யும். கிரீன்லாந்தின் இனுயிட் மக்கள் சீல் தோலால் செய்த பழைய கயாக்கில் ஆள் உள்ளே அமர்ந்து, திறப்பை உடலோடு சேர்த்து மூடிக்கொள்வார். நீர் நுழையவே கூடாது என்பது அவர்கள் வழி. இன்றைய மீன்பிடிக் கயாக்கில் ஆள் மேலே அமர்கிறார். கீழே இருப்பது உள்ளே காற்று மட்டுமே உள்ள, மூடிய பிளாஸ்டிக் கூடு. இருக்கைத் தளத்திலிருந்து அடிப்புறம் வரை குழாய்போலத் துளைகள் ஊடுருவிச் செல்கின்றன. கடல் மட்டத்தைவிடத் தளம் சற்று உயரத்தில் இருப்பதால், உள்ளே விழுந்த நீர் தானாகவே துளை வழியே இறங்கிவிடுகிறது. அளவுக்கு மீறிச் சுமை ஏற்றினால் தளம் தாழ்ந்து, அதே துளை வழியே கடல் மேலே வரும்.

நம் கட்டுமரத்தை அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. கட்டிய மரங்களுக்கு இடையில் நீர் ஏறி இறங்கும். இறைக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் நிரம்புவதற்குப் பள்ளமே இல்லை. மிதப்பைத் தருவது மரத்தின் லேசான எடை. நீர் ஊறினால் மரம் கனக்கும் என்பதால்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துக் காயவைத்தார்கள். நீரைத் தடுக்காமல் போகவிட்டால் போதும் என்ற இந்த யோசனையைப் பொறியியலின் பெரும் சாதனைகளில் ஒன்றாகவே நான் மதிக்கிறேன்.

கவிழாமல் காப்பது அகலம். படகு சாயும்போது அதை நிமிர்த்தும் விசை, அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. 60 செ.மீ. அகலத்தை 80 ஆக்கினால் அந்த விசை ஏறத்தாழ இரண்டேகால் மடங்குக்கும் மேலாகிறது. விலையாக வேகம் குறையும். மீன்பிடிப்பவருக்கு அது இழப்பல்ல. உயிருள்ள கானாங்கெளுத்தி இன மீனை இரையாகக் கோத்து இழுத்துச் செல்ல நடை வேகம் போதும்.

2012 முதல் இக்கடலின் ஒரு பகுதி மீன்பிடிப்புத் தடைசெய்யப்பட்ட காப்பகம். அதைத் தூண்டில் நனையாமல் கடந்து, நீருக்கடியில் காடாக வளர்ந்த கெல்ப் பாசியின் ஓரம் வரை துடுப்புப் போட வேண்டும். அங்கே திரிவது மஞ்சள்வால், நம் பாரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. கொக்கியில் சிக்கியதும் அது பாசிக்குள் பாயப் பார்க்கும்.

இப்போது நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தூண்டில் நரம்பைச் சுற்றிவைக்கும் ரீலின் பிடிமானத்தை நான்கு கிலோ இழுப்புக்கு வைத்திருப்பதாகக் கொள்வோம்; அதற்கு மேல் இழுத்தால் நரம்பு வழுகி வெளியேறும். ஆளும் கயாக்கும் சேர்ந்து 130 கிலோ. அந்த இழுப்பு மூன்று நான்கு நொடியில் கயாக்கை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். மீன் முன்னே ஓட, படகு பின்னே போகிறது! நங்கூரமிட்ட படகில் ஒவ்வோர் உதறலையும் தூண்டில் நரம்பும் கோலுமே தாங்க வேண்டும். இங்கே அதில் ஒரு பங்கைப் படகின் நகர்வு வாங்கிக்கொள்கிறது. வேகம் கூடக்கூட நீரின் தடை அதைவிட வேகமாகக் கூடுவதால் மீன் களைக்கிறது. ஆனால் கோலைப் படகின் முன்முனையான அணியத்தின் பக்கமே நீட்டிப் பிடிக்க வேண்டும். முன்பக்கம் இழுத்தால் படகு மீனை நோக்கித் திரும்பி நகரும். பக்கவாட்டில் இழுத்தால் அதே விசை படகைக் கவிழ்க்கப் பார்க்கும்.

காலை பத்து, பதினொரு மணிக்குமேல் நிலம் சூடேறி, அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடற்காற்று கரைநோக்கி வீசத் தொடங்கும். அதுவே கரை திரும்பும் நேரம். சோழமண்டலக் கரையில் விடியற்காலைக் கரைக்காற்றில் பாய்விரித்துப் போய்க் கடற்காற்றில் திரும்பிய கட்டுமரக்காரர்களின் நேரக்கணக்கும் இதுவே.

திரும்பும்போது அலை முதுகுக்குப் பின்னால் வருகிறது, ஆபத்தும் கூடுகிறது. அலை பின்புறத்தைத் தூக்கினால் அணியம் நீரில் குத்தும், படகு குறுக்கே திரும்பி உருளும். ஆகவே கோலையெல்லாம் கட்டிவைத்துவிட்டு, அலை உடையும் இடத்துக்கு வெளியே காத்திருக்கிறார்கள். சற்றே மாறுபட்ட கால இடைவெளி கொண்ட அலைகள் ஒன்றன்மேல் ஒன்று சேரும்போது பெரிய அலைகள் கூட்டமாக வரும். ஒன்றையொன்று தணிக்கும்போது சற்று நேரம் அமைதி நிலவும். பெரிய கூட்டத்தின் கடைசி அலை தம்மைக் கடந்ததும், அதன் முதுகைத் துரத்தியபடி வேகமாகத் துடுப்புப் போடுகிறார்கள். அடுத்த அலை வந்து சேர்வதற்குள் கால் மணலைத் தொட்டுவிட வேண்டும்.