கனவு வீட்டுப் படத்தில் டக்ட் எங்கே?

கிருஷ்ணகிரியில் வீட்டு பிளான் போடும் எங்களிடம் இப்போது பலர் ஏஐ வரைந்த படத்தோடுதான் வருகிறார்கள். அந்தரத்தில் தொங்கும் நீச்சல் குளம், பாறையைக் குடைந்த வரவேற்பறை, மாடிக்கு மாடி தோட்டம். ஆர்க்கிடெக்சர் படிக்கும் பிள்ளைகள் இன்னும் ஒரு படி மேலே போய், தேன்கனிக்கோட்டை மலைகளுக்குக் குறுக்கே ஒரு நகரத்தையே வரைந்து காட்டுகிறார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் இப்படிப்பட்ட படங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

இங்கிலாந்தின் ஆர்க்கிகிராம் என்ற கட்டடக் கலைஞர் குழுவைச் சேர்ந்த பீட்டர் குக் 1964-இல் 'பிளக்-இன் சிட்டி' வரைந்தார். ராட்சதச் சட்டகம், அதில் செருகும் வீடுகள், உச்சியில் கிரேன்கள். பார்த்தால் விளையாட்டுப் படம் மாதிரி இருக்கும். ஆனால் ஒவ்வொரு பாகத்துக்கும் அவர் ஆயுள் குறித்திருந்தார்: சமையலறைக்கும் குளியலறைக்கும் 3 ஆண்டு, பிரதான சட்டகத்துக்கு 40 ஆண்டு. தேய்ந்ததைத் தூக்கிப் புதியதை வைக்கத்தான் அந்தக் கிரேன்கள்.

டோக்கியோவில் கட்டடக் கலைஞர் கிஷோ குரோகாவா இதுபோன்ற எண்ணத்தை 1972-இல் கட்டியே காட்டினார். நகாகின் கேப்சூல் டவர்: இரண்டு கான்கிரீட் தண்டுகள், அவற்றில் 140 பெட்டி அறைகள், ஒவ்வொன்றும் நான்கு போல்ட்டில். 25 ஆண்டுக்கு ஒருமுறை பழசைக் கழற்றிப் புதுசு மாட்டுவதாகத் திட்டம். ஒன்றைக்கூட மாற்றவில்லை. அடியில் இருப்பதை எடுக்க மேலே இருப்பதையெல்லாம் இறக்க வேண்டியிருந்தது. தண்ணீர் கசிந்தது, சுடுதண்ணீர் வருவது நின்றது, 2022-இல் கட்டடத்தையே பிரித்துவிட்டார்கள். கழற்றி மாட்டும் யோசனை அருமையானது. கழற்ற வழி விடாததுதான் கோளாறு என்பேன்.

நம் பக்கத்து வீடுகளிலும் இதே கோளாறைப் பார்க்கிறேன். போர்த் தண்ணீரில் உப்பு அதிகம். பழைய வீட்டில் சுவரை உடைத்து எடுத்த முக்கால் இன்ச் பைப்பைப் பாருங்கள்: உள்ளே சுற்றிலும் வெள்ளைப் படிவு, சுண்டுவிரல்கூட நுழையாது. அதை மாற்ற டைல்ஸை உடைத்தாக வேண்டும். டக்ட், அதாவது பைப்புகள் ஓடத் தனியாக விடும் திறந்த சந்து, விட்டுக் கட்டியிருந்தால் பிளம்பர் அரை நாளில் முடித்துவிட்டுப் போயிருப்பார்.

அதனால் படத்தைக் காட்டியதும் டேங்க் எங்கே, டக்ட் எங்கே, சாக்கடை எந்தப் பக்கம் என்று கேட்கிறேன். ஏஐ படத்தில் மூன்றுமே இருக்காது. அப்புறம் எடை. 10 அடிக்கு 10 அடி, 4 அடி ஆழக் குளம் என்றால் தண்ணீர் மட்டுமே 11 டன்னுக்கு மேல், கான்கிரீட் தனி. அதைத் தாங்கும் தூணைப் படத்தில் விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாரிஸின் போம்பிடு கலை மையம் 1977-இல் திறந்தபோது பைப்புகளை வெளிப்புறத்திலேயே ஓடவிட்டிருந்தார்கள்: தண்ணீருக்குப் பச்சை, ஏசி காற்றுக்கு நீலம், மின்சாரத்துக்கு மஞ்சள். ஆர்க்கிகிராம் படங்களின் சாயல் அதில் நன்றாகவே தெரியும். மாணவர்களே, மலைக்குக் குறுக்கே நகரம் வரையுங்கள். அதே தாளில் தண்ணீர் எங்கிருந்து ஏறுகிறது, கழிவு எங்கே இறங்குகிறது, பழுதானதை எந்த வழியாக வெளியே எடுப்பது என்று மூன்று நிறத்தில் கோடு போட்டுக் கொண்டுவாருங்கள். உட்கார்ந்து பேசலாம்.