“விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்கிறார்களா?”

காலநிலை ஆய்வுகளைப் படித்து, முடிவெடுப்பவர்களுக்குப் புரிகிற மாதிரி இரண்டு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுப்பது என் வேலை. பல வருடங்களாகச் செய்கிறேன். குறிப்பு எதைப் பற்றியதாக இருந்தாலும், கூட்டத்தில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “இதை விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்கிறார்களா?”

கேட்பதில் தப்பில்லை. பொதுப்பணத்துக்குப் பொறுப்பானவர் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எவ்வளவு உறுதி என்பது ஒன்று. செயலில் இறங்க அந்த உறுதி போதுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆய்வு பதில் சொல்லும். இரண்டாவதற்குச் சொல்லாது. எந்த ஆபத்தைத் தாங்கலாம், யார் செலவை ஏற்பது என்பதெல்லாம் ஆட்சியாளர்களும் மக்களும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு. இரண்டையும் பிரிக்காமல் விட்டதால், நல்ல குறிப்புகள் பல “மேலும் ஆய்வு தேவை” என்ற ஒற்றை வரியோடு கோப்புக்குள் முடங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

ஐபிசிசி (காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு) என்ற அமைப்பின் அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். 1988இல் உலக வானிலை அமைப்பும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் சேர்ந்து தொடங்கியது அது. சொந்தமாக ஆய்வு செய்வதில்லை; வெளிவந்த ஆய்வுகளை எடைபோட்டுச் சொல்கிறது. புவி வெப்பமாவதில் மனிதரின் தடத்தை ஐயமின்றிக் கண்டறிய இன்னும் பத்து வருடமோ அதற்கு மேலோ ஆகலாம் என்றது 1990 அறிக்கை. தடம் தெரிகிறது என்று 1995இல் சொன்னது. மனிதரே காரணம் என்பதற்கு 2001இல் ‘வாய்ப்பு அதிகம்’, 2007இல் ‘மிக அதிகம்’, 2013இல் ‘மிக மிக அதிகம்’. 2021இல்தான் ‘சந்தேகத்துக்கு இடமில்லை’ என்று எழுதினார்கள்.

இந்தச் சொற்களுக்குப் பின்னால் எண்கள் இருக்கின்றன. ‘வாய்ப்பு அதிகம்’ என்றால் குறைந்தது 66 சதவீதம், ‘மிக அதிகம்’ என்றால் 90. முன்பு ஒரு குறிப்பில் 90 சதவீதம் உறுதியான ஒரு முடிவை “நடக்க வாய்ப்பு உண்டு” என்று எழுதிவிட்டேன். படித்தவர் அதை ‘நடக்கலாம், நடக்காமலும் போகலாம்’ என்றுதான் எடுத்துக்கொண்டார். அவர் மேல் குற்றமில்லை, நாம் பேசும் தமிழில் அதற்கு அதுதான் பொருள். அன்றிலிருந்து சொல்லோடு எண்ணையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சரி, அந்த அறிக்கைகள் முழு உறுதிக்கு வரும்வரை உலகம் காத்திருந்ததா? இல்லை. ஐ.நா. காலநிலை ஒப்பந்தம் கையெழுத்தானது 1992இல், அதாவது ‘இன்னும் பத்து வருடம் ஆகலாம்’ என்ற நிலையில். கடுமையான அல்லது மீட்க முடியாத பாதிப்பு வரும் அபாயம் இருந்தால், முழு அறிவியல் உறுதி இல்லை என்பதைக் காரணம் காட்டி நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்று அதன் 3ஆம் பிரிவே சொல்கிறது. “உறுதியா?” என்று கேட்கப்படும் கூட்டங்களில் நான் முதலில் எடுத்துக் காட்டுவது இந்தப் பிரிவைத்தான்.

அடுத்து எடுத்துக் காட்டுவது ஓசோன் கதை. குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்ப்ரே டப்பாக்களிலும் இருந்த குளோரோஃப்ளோரோகார்பன் வாயுக்கள் மேலே போய், சூரியனின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோனை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எழுதினார்கள். அப்போது அது வேதியியல் கணிப்பு மட்டும்தான். 1985இல் பிரிட்டிஷ் அண்டார்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜோ ஃபார்மனும் இரண்டு சகாக்களும், அண்டார்டிகாவுக்கு மேலே வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைவதை வெளியிட்டார்கள். 1950களிலிருந்து ஒரே இடத்தில் விடாமல் அளந்து வந்த பதிவு அவர்கள் கையில் இருந்தது. அந்த வாயுக்களைக் குறைப்பதற்கான மான்ட்ரியல் உடன்படிக்கை 1987 செப்டம்பரில் கையெழுத்தானது. ‘ஓசோன் ஓட்டை’ எனப்படும் அந்தக் குறைவுக்குக் காரணம் இந்த வாயுக்கள்தான் என்று காட்டிய விமான அளவீடுகளின் முடிவுகள் வெளிவந்தது அதற்குப் பிறகுதான்.

கையெழுத்து முந்திக்கொண்டது சரிதானா என்று யோசிப்பவர்கள் உடன்படிக்கையின் அமைப்பைப் பார்க்க வேண்டும். முதலில் பாதி அளவு குறைப்பதற்குத்தான் ஒப்புக்கொண்டார்கள். குறைந்தது நான்கு வருடத்துக்கு ஒரு முறை நிபுணர் குழு நிலைமையை மதிப்பிட வேண்டும், அதை வைத்து விதிகளைத் திருத்தலாம் என்றும் உள்ளேயே எழுதி வைத்தார்கள். அந்த வழியில்தான் 1990இல் லண்டனிலும் 1992இல் கோபன்ஹேகனிலும் கெடுபிடி கூடியது. தெரிந்தது போதாது என்று உட்காராமல், தெரியத் தெரியத் திருத்திக்கொள்ள வழி வைத்துவிட்டுத் தொடங்கினார்கள். என்னைக் கேட்டால், அதன் வெற்றியில் பாதி இந்த ஒரு விதியில் இருக்கிறது.

திருத்தம் தாமதமானால் என்ன ஆகும் என்பதற்கு உயிரி எரிபொருள் ஓர் உதாரணம். போக்குவரத்துக்கான ஆற்றலில் 10 சதவீதம் 2020க்குள் புதுப்பிக்கத்தக்க வழியில் வர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் விதித்தது. பெரும்பகுதி பயிரிலிருந்து வரும் எரிபொருள்தான். ஆனால் அதற்கு முந்தைய வருடமே, உணவு விளைந்த நிலம் எரிபொருளுக்குப் போனால் உணவுப் பயிருக்காக வேறெங்கோ காடும் புல்வெளியும் அழியும், மிச்சப்படும் கார்பனை அது விழுங்கிவிடும் என்று ஆய்வு வந்திருந்தது. உணவுப் பயிர் எரிபொருளுக்கு 7 சதவீத வரம்பு வைத்தது 2015இல். அதற்குள் ஆலைகளும் முதலீடுகளும் வளர்ந்துவிட்டன. வேரூன்றிய ஒன்றைத் திருத்துவது எவ்வளவு கஷ்டம் என்று இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், எல்லாரும் மறந்துபோகிற விஷயம் அளவீடு. சார்லஸ் கீலிங் 1958இல் ஹவாயின் மௌனா லோவா மலையில் கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு இருந்தது. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இன்று எல்லாக் காலநிலைக் கொள்கைக்கும் அடித்தளமான இந்தப் பதிவே 1964இல் பணமில்லாமல் சில மாதம் நின்றது. ஓசோன் விஷயத்திலும் இப்படித்தான். தடை செய்யப்பட்ட குளோரோஃப்ளோரோகார்பன்களில் ஒன்றான சிஎஃப்சி-11 எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என்று 2018இல் கண்டுபிடித்தார்கள். கொரியாவிலும் ஜப்பானிலும் இருந்த நிலையங்களின் பதிவை வைத்து, கூடுதல் வெளியேற்றத்தின் கணிசமான பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருகிறது என்று 2019இல் காட்டினார்கள். பிறகு அது குறைந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் நினைத்த பிறகும் யாரோ விடாமல் அளந்துகொண்டிருந்ததால்தான் அது பிடிபட்டது.

இப்போதெல்லாம் என் குறிப்புகளின் கடைசியில் இரண்டு கட்டங்கள் போட்டு அனுப்புகிறேன். என்ன தெரியவந்தால் இந்த முடிவை மாற்றுவோம் என்பது முதல் கட்டம். அதை யார், எந்தப் பணத்தில், எத்தனை வருடம் அளப்பார் என்பது இரண்டாவது. முதல் கட்டத்தை யாராவது நிரப்பிவிடுகிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் காலியாகத்தான் திரும்பி வருகிறது. நானும் விடாமல் மறுபடி அனுப்புகிறேன்.