பஸ் மூன்று, கார் ஒன்று, நடப்பவர் பூஜ்யம்

பெங்களூரு ஈஜிபுரா சிக்னல் அருகே ஒரு காலையில் வண்டிக் கணக்கெடுக்க நின்றிருந்தேன். சாலைத் திட்டங்களுக்கு மதிப்பீடு போடுவது என் தொழில். கால் மணி நேரத்துக்கு ஒரு தாள். அதில் காருக்கு ஒரு கட்டம், பஸ்ஸுக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று, இரு சக்கர வண்டிக்கு ஒன்று. நான்கு கோடு கிழித்தால் ஐந்தாவதைக் குறுக்கே போட வேண்டும். இந்திராநகரில் வீட்டு வேலைக்குப் போகிற ஓர் அம்மாள், பஸ் வராத எரிச்சலில் என் பக்கம் திரும்பினார். நான் அலைபேசியில் தமிழ் பேசியதைக் கேட்டிருக்க வேண்டும்.

"என்ன தம்பி, எழுதிக்கொண்டே இருக்கிறாய்?"

"வண்டிகளை எண்ணுகிறேன் அம்மா."

"அரை மணி நேரமாக நிற்கிறேனே, என்னை எழுதிக்கொண்டாயா?"

அவருக்கு அந்தத் தாளில் கட்டம் இல்லை.

எண்ணி முடித்ததும் எல்லா வண்டிகளையும் கார் கணக்குக்கு மாற்றுவோம். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட அட்டவணைகள் அதற்கு உண்டு. கார் என்றால் 1, பஸ் ஏறத்தாழ 3, இரு சக்கர வண்டி அரை, முக்கால். சாலையில் எது எவ்வளவு இடம் அடைக்கிறது என்று பார்க்க இது சரியான அளவுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் அறுபது பேர் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பஸ்ஸும், ஆளுக்கொன்றாக மூன்று பேர் ஓட்டிப் போகும் மூன்று கார்களும் இந்தக் கணக்கில் சமம். கூட்டுத்தொகை ஏறினால் சாலை போதவில்லை என்று முடிவு வரும். போதவில்லை என்றால் மேம்பாலம். மேம்பாலத்தைக் கேட்டது யார் என்று பிறகு தேடினால் ஆள் அகப்படமாட்டார். கேட்டது என் கையிலிருந்த தாள். அதே ஈஜிபுராவில் 2017-இல் வேலை தொடங்கிய இரண்டரைக் கிலோமீட்டர் மேம்பாலத்தின் அரைகுறைத் தூண்களுக்கு நடுவே எத்தனை வருடம் பஸ்கள் ஊர்ந்தன என்பதை இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வண்டிகளை அல்ல, மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை எழுதிவைத்திருக்கிறது. கொள்கை அலமாரியில் இருக்கிறது. படிவம்தான் களத்துக்கு வருகிறது.

பணம் எங்கே போகிறது என்பதில் இன்னொரு சூட்சுமம் உண்டு. பாலம் கட்டுவது மூலதனச் செலவு. ஒருமுறை ஒதுக்கி, கடன் வாங்கிக் கட்டி, ரிப்பன் வெட்டிவிடலாம். பஸ் ஓட்டுவது அன்றாடச் செலவு: ஓட்டுநர் சம்பளம், டீசல், டயர், பணிமனை. அது ஆண்டுதோறும் 'நஷ்டம்' என்ற பெயரில் செய்தியாகும். பாலத்துக்கு டிக்கெட் கிடையாது, ஆகவே பாலம் நஷ்டத்தில் ஓடுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. 2025 ஜனவரியில் பெங்களூரு நகர பஸ்களை ஓட்டும் பி.எம்.டி.சி.யின் கட்டணம் 15 சதவீதம் ஏறியது. அடுத்த மாதமே மெட்ரோவின் அதிகபட்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. நஷ்டக் கணக்கு கடைசியில் பயணியின் மடியில்தான் வந்து விழுகிறது.

நகரின் வடக்கே ஹெப்பாளிலிருந்து தெற்கே சில்க் போர்டு வரை சுரங்கச் சாலை போடும் திட்டத்தின் மதிப்பு 17,000 கோடி ரூபாய்க்கும் மேல். நீளம் சுமார் 17 கிலோமீட்டர். ஒரு மின்சார பஸ் ஒன்றரைக் கோடி என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்தத் தொகைக்கு 11,000-க்கு மேல் வாங்கலாம். பி.எம்.டி.சி.யிடம் இப்போது இருப்பவை ஏறக்குறைய 7,000. வாங்கினால் மட்டும் போதாது, ஓட்டவும் பணம் வேண்டும், அதுவும் தெரியும். ஆனால் இந்த வகுத்தலைத் திட்ட அறிக்கைகளில் நான் பார்த்ததே இல்லை.

இவ்வளவு செலவில்லாத வழியும் இருந்தது. 2019-இல் வெளிவட்டச் சாலையில் பஸ்ஸுக்கென்று தனித்தடம் ஒதுக்கினார்கள். ஓரமாகக் குட்டைத் தடுப்புக் கம்பங்கள், அவ்வளவுதான் முதலீடு. பிறகு மெட்ரோ வேலை வந்தது, தடம் போயிற்று.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. சாளுக்யா சர்க்கிளிலிருந்து ஹெப்பாளுக்கு இரும்பு மேம்பாலம் என்று 2016-இல் கிளம்பிய 1,791 கோடித் திட்டத்தை எதிர்த்து மக்கள் கைகோத்துச் சங்கிலியாக நின்றார்கள். மறு ஆண்டே அரசு அதைக் கைவிட்டது. தெருவில் நிற்க நேரமில்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். திட்ட அறிக்கை முழுவதையும் கேட்டு மலைக்காதீர்கள். அதன் பின்னால் இணைத்திருக்கும் போக்குவரத்துக் கணக்கெடுப்பை மட்டும் கேளுங்கள். அதில் மணிக்கு எத்தனை பேர் கடந்தார்கள் என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தவர்களையும் சாலையைக் கடந்தவர்களையும் எண்ணினார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் வந்த கேள்விக்குப் பதில் எழுத எங்களைப் போன்றவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் காலைக்குப் பிறகு தாளின் வலது ஓரத்தில் பென்சிலால் நானே ஒரு கட்டம் போட்டுக்கொள்கிறேன்: பஸ்ஸில் எத்தனை தலை, நிறுத்தத்தில் எத்தனை தலை. முதல் தடவை சமர்ப்பித்தபோது, படிவத்தில் இல்லாததை எழுதக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் தடவை, இதைத் தனி இணைப்பாக வைக்கச் சொன்னார்கள். வைத்திருக்கிறேன்.