பெயரை மறைத்தால் அது மொட்டைக் கடிதம் ஆகிவிடாது

பாலியல் வன்முறை வழக்குகளில் புகார்தாரர் தரப்பிலும் எதிர்த்தரப்பிலும் வாதாடியிருக்கும் வழக்கறிஞன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். அண்மையில் ஒரு செய்தி, புகார் கொடுத்த பெண்ணின் பெயரை ஒழுங்காக விட்டுவிட்டு, அவருடைய வயது, வேலை பார்க்கும் பிரிவு, பணியில் சேர்ந்த ஆண்டு, கணவரின் தொழில் ஆகிய அனைத்தையும் அச்சிட்டிருந்தது. அன்று மாலைக்குள் அவருடன் பணியாற்றும் அனைவருக்கும் அவர் யாரென்று தெரிந்துவிட்டது. இத்தகைய அலட்சியம் எனக்குப் பழகிப்போனதுதான். ஆனால் அந்தச் செய்தியைப் பற்றிப் பேசிய படித்த மனிதர்கள் பலரும், 'ஆணின் பெயரை மட்டும் போடுகிறார்களே, பெண்ணின் பெயரை மறைப்பது என்ன நியாயம்? முகம் காட்டாமல் ஒருவர் மீது பழி சுமத்தலாமா?' என்றே கேட்டனர். இந்தக் கேள்விக்கு எத்தனை முறை பதில் சொன்னாலும் அது திரும்பத் திரும்ப வருகிறது.

குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தம் மீது புகார் கொடுத்தவர் யார் என்று தெரியும். புகார்தாரரின் வாக்குமூலமும் குற்றப்பத்திரிகையும் அதனுடன் இணைந்த ஆவணங்களும் கட்டணமின்றி அவருக்குத் தரப்பட்டே ஆக வேண்டும். அவருடைய வழக்கறிஞர் அந்தப் பெண்ணைச் சாட்சிக் கூண்டில் வைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறார். முன்னுக்குப் பின் முரணான ஒவ்வொரு சொல்லையும் எடுத்துக் காட்டுகிறார். எவர் முன்னிலையில் அந்தப் புகார் நிரூபிக்கப்பட வேண்டுமோ அந்த நீதிபதிக்கும் பெயர் தெரியும். மொட்டைக் கடிதத்தில் எழுதியவரைத் தேடிப் பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. இங்கோ அவர் நீதிமன்றத்தில் பதில் சொல்லிக்கொண்டு நிற்கிறார். அவருடைய பெயர் தெரியாமல் இருப்பது வழக்கோடு தொடர்பில்லாத நமக்கு மட்டும்தான். நமக்கு அது தெரிவதால் குற்றம் சாட்டப்பட்டவரின் எதிர்வாதம் இம்மியளவும் வலுப்பெறப் போவதில்லை.

சட்டம் இதை எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி கையாளவில்லை. இந்தியாவில், பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று 1983-இல் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 228ஏ பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற சட்டத்தின் 72-ஆம் பிரிவாக இருக்கிறது. மீறினால் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. அமெரிக்காவிலோ, சட்டப்படி கிடைத்த பெயரை வெளியிட்டதற்காக ஊடகத்தைப் பொறுப்பாக்க முடியாது என்று 1975, 1989 ஆண்டுகளின் வழக்குகளில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆயினும் அங்குள்ள பெரும்பாலான பத்திரிகைகள் தாமாகவே பெயரைத் தவிர்க்கின்றன. பிரிட்டன் 1976-இல் இரு தரப்பினரின் பெயரையும் மறைத்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கான பாதுகாப்பை 1988-இல் நீக்கிவிட்டது. அயர்லாந்தின் 1981-ஆம் ஆண்டுச் சட்டமோ, வன்புணர்வு வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகும் வரை குற்றம் சாட்டப்பட்டவரின் பெயரையும் காத்தது. ஆகவே சமத்துவம் வேண்டும் என்போர் ஆணின் பெயரையும் மறைக்கச் சொல்லலாம். அது விவாதிக்கத் தக்க கோரிக்கை. பொது நலன் சார்ந்த வலுவான காரணம் இல்லாதபோது, குற்றப்பத்திரிகை தாக்கலாகும் வரை அவர் பெயரை வெளியிடாமல் இருப்பதே முறை என்பது என் கருத்தும்கூட. ஒருவர் காயப்பட்டார் என்பதற்காக இன்னொருவரையும் காயப்படுத்துவதைச் சமத்துவம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு இழைக்கப்படும் உண்மையான அநீதி, செய்தி எழுதப்படும் விதத்தில் இருக்கிறது. காவல்துறை சொன்னதை நடந்ததாகவே தலைப்பில் எழுதுகிறார்கள். கைதானவரைக் 'காமுகன்' என்கிறார்கள். செய்தி அச்சாகும் நேரத்தில் தொலைபேசியில் அழைத்து, 'கருத்துக் கூற மறுத்துவிட்டார்' என்று முடித்துவிடுகிறார்கள். 2014-இல் அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் இதழ் ஒரு பல்கலைக்கழகப் பாலியல் வன்முறைக் கட்டுரையை வெளியிட்டு, அடுத்த ஆண்டு திரும்பப் பெற்றது. கொலம்பியா இதழியல் பள்ளியின் ஆய்வு அதில் கண்டறிந்த குறை சரிபார்ப்பில்தான்: சம்பவத்தன்று அப்பெண்ணைச் சந்தித்ததாகச் சொல்லப்பட்ட நண்பர்களைக்கூடத் தொடர்பு கொள்ளாமலே எழுதியிருந்தார்கள். அப்பெண்ணின் முழுப் பெயரை அச்சிட்டிருந்தாலும் அந்தக் குறை தீர்ந்திருக்காது.

கைதுக்கு முதல் பக்கம் கொடுத்தவர்கள் விடுதலைக்கும் அதே இடத்தைக் கொடுக்க வேண்டும். அதே மூச்சில் 'பொய்ப் புகார் அம்பலம்' என்று தலைப்பிடவும் கூடாது. ஐயத்தின் பலனை அளித்து ஒருவரை விடுவிப்பது வேறு, புகார் பொய் என்று நீதிமன்றமே தீர்மானிப்பது வேறு. தீர்ப்பைப் படித்துவிட்டு எழுதுங்கள். (படிக்காமல் எழுதுவோர் தொகை மிகப் பெரிது.)

பெயரை நீக்கியதோடு கடமை முடிந்தது என்று எந்த உதவி ஆசிரியரும் நினைக்க வேண்டாம். அடையாளம் தெரிய வழிசெய்யும் எந்தத் தகவலும், தொலைவாகவேனும், வெளிவரக் கூடாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் தெளிவாகக் கூறிவிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர் புகார்தாரரின் உறவினர் என்றால், உறவு முறையையும் அவர் பெயரையும் சேர்த்து எழுதாதீர்கள்; அது பெண்ணின் பெயரையே எழுதியதாகும். மற்ற ஊடகங்களில் என்னென்ன வந்துவிட்டன என்று பார்த்துவிட்டு, உங்கள் தகவலை அவற்றோடு பொருத்தினால் யார் என்று புலப்படுமா என்று சோதியுங்கள். குழந்தைகள் தொடர்பான வழக்கில் பள்ளியின் பெயரும் வசிக்கும் பகுதியும்கூடத் தடைக்குள் வருகின்றன. வயது வந்த பெண் தாமே முன்வந்து பெயரை வெளியிடச் சொன்னால், அதை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் சரி என்று சொன்னது போதாது. அவர் இறந்துவிட்டிருந்தால் குடும்பத்தாரின் சம்மதமும் செல்லாது. அமர்வு நீதிபதியின் முடிவு வேண்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் மட்டும். இத்தகைய வழக்கில் பெயரோ படமோ கைப்பேசிக்கு வந்தால், 'யார் இவர்?' என்றுகூட எவரிடமும் கேட்காமல் அழித்துவிடுங்கள். முன்னரே யாருக்கேனும் அனுப்பியிருந்தால், அவரையும் இன்றே அழிக்கச் சொல்லுங்கள்.