அம்மன் கல்யாணத்து அரிசியும் குமரிக் கடற்கரையின் கருமணலும்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்கள் சங்கு, பாசிமாலையோடு சின்னப் பொட்டலங்களில் நிற நிறமான மணலையும் வாங்கிப் போவது வழக்கம். தேவியின் திருமணம் நின்றுபோனதால் சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும்தான் இப்படி மணலாகிவிட்டன என்று ஊர்க்கதை சொல்லும். வெள்ளை, சிவப்பு, கறுப்பு, தேன்மஞ்சள் என்று ஒவ்வொரு மணியும் வேறு வேறு பொருள் என்பதை அந்தக் கதையைக் கட்டியவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். புவி அறிவியலும் அதே கவனிப்பில்தான் தொடங்குகிறது. இந்த மணி எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, இங்கே எப்படிச் சேர்ந்தது?

வெள்ளையாகத் தெரிவது குவார்ட்ஸ். கறுப்பு, டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த இல்மனைட்; வீட்டுச் சுவருக்கு அடிக்கும் வெள்ளைப் பெயின்ட்டின் நிறமி இதிலிருந்து கிடைக்கிறது. தேன் நிறத்தில் அரிதாகத் தட்டுப்படுவது மோனசைட். சிவப்பு, கார்னெட்.

இந்த கார்னெட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். குமரி மாவட்டத்து மலைகளில் சார்னக்கைட், கோண்டலைட் என்ற பாறைகள் நிறைய உண்டு. கோண்டலைட் ஆதியில் ஏதோ ஒரு பழைய கடலின் அடியில் படிந்த களிமண் சேறு. நிலப்பகுதிகள் ஒன்றோடொன்று மோதியபோது அந்தச் சேறு 20 கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழத்துக்குப் போய்விட்டது. அங்கே வெப்பம் 800 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உருகியும் உருகாமலும் இருந்த அந்த நிலையில், சேற்றிலிருந்த அலுமினியமும் இரும்பும் சிலிக்காவும் புதிதாகக் கூடி கார்னெட் படிகங்களாயின. இது நடந்து ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அப்போது இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் கோண்டுவானா என்ற பெருநிலத்தில் ஒட்டிக் கிடந்தன. மடகாஸ்கரின் தென்பகுதியிலும் இலங்கையிலும் இன்றும் இதே இனப் பாறைகளைப் பார்க்கலாம். மேலே மூடியிருந்த பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்துபோக, அடியில் கிடந்தது வெளியே வந்தது. ஒரு காலத்துக் கடற்சேறு, சிவப்பு மணியாகி, மறுபடியும் கடலுக்கே வந்திருக்கிறது. எனக்கு இதைவிட வியப்பான செய்தி இந்த மாவட்டத்தில் வேறு கிடையாது.

55 கோடி என்ற கணக்குக்கு ஆதாரமும் அதே மணல் வகைகளில் இருக்கிறது. மோனசைட்டில் தோரியமும், இந்த மணலிலேயே கிடக்கும் சிர்கான் என்ற இன்னொரு கனிமத்தில் யுரேனியமும் உண்டு. இரண்டும் மாறாத வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். தோரியத்தில் பாதி மாறுவதற்கு சுமார் 1,405 கோடி ஆண்டுகள் பிடிக்கும். படிகத்துக்குள் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

கோண்டுவானாவிலிருந்து பிரிந்த நம் நிலத்தட்டு இன்னும் நகர்கிறது, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர். அதன் கிழக்கு ஓரம் சுமத்ரா, அந்தமான் பக்கம் அடுத்த தட்டுக்குக் கீழே புகுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த ஓரம் ஒரே மூச்சில் நழுவியதால்தான் இங்கே மணக்குடியும் குளச்சலும் அத்தனை உயிர்களை இழந்தன. மேற்குக் கரையில் இருக்கும் குளச்சலுக்கு அலை எப்படி வந்தது? ஆழம் குறையும் இடத்தில் அலையின் வேகமும் குறையும். அதனால் அது திசை திரும்பி முனையைச் சுற்றி வந்துவிடும். இது அன்றைக்கே கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

சரி, மலையில் கலந்து கிடந்த கனிமங்கள் கரையில் எப்படித் தனித்தனியாகப் பிரிந்தன? குமரிக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்கும்போது பாறையில் உள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களிமண்ணாகிவிடும். குவார்ட்ஸ், கார்னெட், இல்மனைட் போன்றவை எளிதில் அழியாமல் உதிரும். கோதையாறு, குழித்துறை ஆறு, வள்ளியாறு, பழையாறு எல்லாம் அவற்றைக் கடலுக்குக் கொண்டுவரும். மிச்ச வேலை அலையுடையது. அரிக்கன்சட்டியில் அரிசி களையும்போது அரிசி நீரோடு போய், கல் அடியில் தங்குமே, அதே முறைதான். குவார்ட்ஸ் நீரைவிட 2.65 மடங்கு கனம், கார்னெட் சுமார் 4 மடங்கு, இல்மனைட் 4.7, மோனசைட் 5. வேகமாக ஏறிவரும் அலை எல்லாவற்றையும் கரையில் கொட்டும்; தளர்ந்து திரும்பும் நீர் லேசானதை மட்டும் இழுத்துப் போகும். ஆடிக் கடல் கரையை அரித்துவிட்டுப் போனபின் மணவாளக்குறிச்சிப் பக்கம் பார்த்தால் கருமணல் பட்டை பட்டையாகக் கிடக்கும்.

இந்த மணலின் மதிப்பை 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் கண்டுபிடித்தார், அதுவும் இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலை வைத்து. மோனசைட்டில் உள்ள தோரியம் அப்போது கேஸ் விளக்கில் சூடேறி ஒளிவிடும் வலையான மேன்டில் செய்யத் தேவைப்பட்டது. இன்று அதே கனிமத்திலுள்ள அருமண் தனிமங்கள் செல்போனுக்கும் மின்வாகன மோட்டாருக்கும் வேண்டியிருக்கின்றன. ஐ.ஆர்.இ.எல். என்ற ஒன்றிய அரசு நிறுவனம் மணவாளக்குறிச்சியில் இந்த மணலைப் பிரித்தெடுக்கிறது.

மலை, ஆறு, அலை என்ற இந்தச் சங்கிலியில் எங்கே கை வைத்தாலும் விளைவு வேறொரு இடத்தில் தெரியும். பேச்சிப்பாறை போன்ற அணைகளின் அடியில் வண்டல் தங்கிவிடுகிறது. ஆற்றுமணல் அள்ளினால் அதுவும் கரைக்கு வராது. அலை சாய்வாக மோதுவதால் மணல் கரையோரமாகவே நகர்ந்துகொண்டிருக்கும். நடுவே கடலுக்குள் நீளும் கல் தடுப்பாக ஒரு தூண்டில் வளைவு போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கத்து ஊரில் கடல் வீட்டு வாசலுக்கு வரும். ஆகவே தூண்டில் வளைவு பற்றியோ கனிம மணல் எடுப்பது பற்றியோ கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், நம் ஊர்க்காரர்கள் அதிகாரிகளிடம் மூன்று கணக்குகளைக் கேட்டு வாங்க வேண்டும்: இந்தக் கரைக்கு ஆண்டுக்கு எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு வெளியேறுகிறது, எந்த மாதத்தில் எந்தப் பக்கம் நகர்கிறது.