சட்டைப்பைக்குப் போகும் கை

ஆலோசனை அறைக்கு வருகிறவர்களிடம் கைபேசியை வெளியே மேசையில் வைத்துவிட்டு வரச் சொல்வேன். அப்படித்தான் ஒருவர் வந்து எதிரே அமர்ந்தார். மனைவியுடன் நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டிருந்தார். பேச்சு சங்கடமான இடத்தை நெருங்கியதும் அவருடைய வலது கை சட்டைப்பைக்குப் போனது. வெறும் பையைத் தடவிவிட்டுத் திரும்பியது. "எதைத் தேடினீர்கள்?" என்றேன். "நானா?" என்றார்.

வாரத்தில் ஒருநாள் திரைக்கு விடுப்பு கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது அந்தக் கைக்காகத்தான்.

"எனக்கு மன உறுதி போதாது" என்று பலர் தங்களையே திட்டிக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. படித்து முடித்தால் மடித்து வைத்துவிடுவோம். திரையில் அந்தக் கடைசிப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். முடிவில்லாமல் உருண்டோடும் பக்கத்தை 2006இல் வடிவமைத்த அசா ரஸ்கின், பின்னாளில் அதற்காக வருந்தினார். போதாததற்கு, திறக்கும்போதெல்லாம் நல்ல செய்தி இருப்பதில்லை, எப்போதாவதுதான் இருக்கிறது. உளவியலாளர் ஸ்கின்னரின் சோதனைகளில், எப்போது இரை விழும் என்று தெரியாத புறாக்கள்தான் சளைக்காமல் கொத்தின. நாமும் கொத்துகிறோம். தானாக முடியாத ஒன்றுக்கு முடிவை நாம்தான் வெளியிலிருந்து குறிக்க வேண்டும்.

சனி இரவு 9 மணிக்கு அணைத்து, ஞாயிறு மாலை 6 மணிக்குத் திறந்தால் போதும். அதுவும் கடினமென்றால் அரைநாளில் தொடங்குங்கள். அவசரத்துக்கு அழைக்க வீட்டில் வேறொருவரின் எண்ணை முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். கைபேசியை வைத்துவிட்டு நாள் முழுக்கத் தொலைக்காட்சி பார்த்தவர்களும் உண்டு. அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

முதல் சில மணி நேரம் எரிச்சலாகத்தான் இருக்கும். பையில் இல்லாத கைபேசி தொடையில் அதிர்வதுபோலத் தோன்றும். பயப்பட வேண்டாம், பலருக்கும் நேர்வதுதான். ஆனால் தூக்கமும் வேலையும் ஏற்கெனவே குலைந்திருந்தால் ஒருநாள் விடுப்பை மட்டும் நம்பாமல் நேரில் ஆலோசனை பெறுங்கள்.

மேலே சொன்னவர் முதல் வாரமே தோற்றார். காரணம் அலாரம். அதை நிறுத்தக் கைபேசியை எடுத்தவர், ஒன்றரை மணி நேரம் கட்டிலைவிட்டு இறங்கவில்லை. தனியாக ஒரு அலாரக் கடிகாரம் வாங்கச் சொன்னேன். வாங்கினார். அடுத்த முறை வந்தபோது, அதன் டிக் டிக் சத்தம் தூங்கவிடவில்லை என்று கால் மணி நேரம் புலம்பினார். கை சட்டைப்பை பக்கமே போகவில்லை.